வாய்விட்டுப் படிக்கவும்

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். பால் காய்ச்சினேன். ஒரு ஆளுக்கான அளவு இன்னும் கைக்கு வரவில்லை. மிஞ்சியதை மூடி வைத்தேன். குளித்தேன். ஈரத் துண்டைப் பால்கனிக் கொடியில் விரித்துப் போட்டு, இரண்டு முனையிலும் கிளிப் மாட்டினேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். கதவைப் பூட்டி, ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

பேனர் அச்சடிக்கும் கடையில் வேலை. கல்லூரியில் படித்தது இயற்பியல். என் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்தாள். மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒரு நாள், அவள் வேலைக்குப் போகும் வழியில், ரயில் நிலைய வாசலில் யாரோ விட்டுப் போன பை வெடித்தது. வைத்தவர்கள் கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் பயிற்சி எடுத்தவர்கள் என்றார்கள். அங்கே போர் விமானங்களை அனுப்ப வேண்டும் என்று இப்போது ஊரெல்லாம் பேச்சு. அதற்காக ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம்.

கடை திறந்ததும் மச்சான் வந்துவிட்டார். அவளுடைய அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பக்கத்து இருக்கையிலிருந்தே பிரேக் போட்டுப் பழகியவர். பதற்றம் வந்தால் எங்கே உட்கார்ந்திருந்தாலும் வலது கால் தரையை அழுத்தும்.

"மாப்ள, நல்லா பெருசா போடு. ஊர்வலத்துக்கு முன்னால இதுதான் போகப்போகுது."

படத்தை என் போனுக்கு அனுப்பினார். வெள்ளைக் கோட்டில் அவள் சிரிக்கிறாள். பிறகு வாசகத்தைச் சொன்னார். நான் தட்டச்சு செய்தேன்.

'என் ரத்தத்துக்குப் பதில் ரத்தம் வேண்டும்.'

"கீழ சின்னதா, 'கடைசி வார்த்தைகள்'னு போடு."

"அவ எங்க மச்சான் இப்படிச் சொன்னா?"

"சொல்ல நேரம் இருந்திருந்தா சொல்லியிருப்பா."

நான் படத்தின் பின்னணியை வெட்ட ஆரம்பித்தேன். முடி ஓரம் கஷ்டம். பெரிதாக்கினால்தான் வெட்ட முடியும். ரொம்பப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அந்த நாட்டையும் நான் இப்படிப் பார்த்திருக்கிறேன். அவள் இறந்த புதிதில், செய்தியில் சொன்ன ஊரைப் போன் வரைபடத்தில் தேடி, விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினேன். குண்டு எங்கே விழ வேண்டும் என்று நானே இடம் பார்த்தேன். கூரைகள் தெரிந்தன. ஒரு கூரைமேல் வெள்ளையாக ஏதோ இருந்தது. துணி காயப்போட்டிருக்கலாம். இன்னும் பெரிதாக்கினேன். கட்டம் கட்டமாக உடைந்தது.

"என்னடா, பேச்சையே காணோம்? விமானம் போகணுமா வேண்டாமா? நீ என்னதான் சொல்ற?"

"வேண்டாம்."

"சோத்துல உப்புப் போட்டுத்தான சாப்பிடற?"

"டாக்டர் கொறைக்கச் சொல்லியிருக்கார்."

அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

"அந்தப் பைய வெச்சவன என் கையில குடுங்க மச்சான். என்ன பண்ணுவேன்னு எனக்கே பயமா இருக்கு. ஆனா மேல இருந்து பாக்கறவனுக்கு ஆளு தெரியாது. கூரைதான் தெரியும். அதுக்குக் கீழ யாரு இருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப சும்மா விட்டுடலாங்கற."

"விடச் சொல்லல. தேடிப் பிடிக்கட்டும். எத்தன வருஷம் ஆனாலும் பிடிக்கட்டும். அவ பேரச் சொல்லிக் குண்டு போட வேண்டாம்."

"எனக்கு அவ தங்கச்சிடா. உனக்கு முன்னாடியே எனக்கு அவளத் தெரியும்."

படத்தை வாசகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"படிங்க."

"அதான் நானே சொன்னேனே."

சுவரில் ஒட்டியிருந்ததைக் காட்டினேன். 'வாய்விட்டுப் படிக்கவும்.' முன்பு ஒரு கல்யாண பேனரில் மாப்பிள்ளை பெயர் வர வேண்டிய இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா பெயர் போய்விட்டது. மண்டபத்து வாசலில் கட்டிய பிறகுதான் பார்த்தார்கள். அதிலிருந்து கடையில் இதுதான் சட்டம். ஆர்டர் கொடுத்தவர் வாய்விட்டுப் படித்த பிறகே மெஷினுக்குப் போகும். சொந்தக்காரர்களுக்கும் விலக்கு இல்லை.

மச்சான் தொண்டையைச் செருமினார்.

"என் ரத்தத்துக்கு..."

திரையில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் கால் தரையை அழுத்தியது.

"என் ரத்தத்துக்குப் பதில்..."

மறுபடியும் நிறுத்தினார். இன்னும் பலமாக அழுத்தினார். பின்னால் மெஷின் யாருடைய கடைத் திறப்பு விழாவையோ அச்சடித்துக்கொண்டிருந்தது.

"ஊசி போடறப்ப என் கையத்தான் பிடிச்சுப்பா," என்றார். "ஊசியப் பாக்கவே மாட்டா. 'ரத்தம் வருதா, ரத்தம் வருதா'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. வந்தாலும் வரலன்னுதான் சொல்லுவேன்."

"எங்கிட்டயும் அதேதான்."

"அவளப் போயி..."

கையால் முகத்தைத் துடைத்தார். நான் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன். குடிக்கவில்லை, மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"பிரிண்ட் குடுக்காத," என்றார் கடைசியில். "வாசகத்த அழி. படமும் வேண்டாம். ஊர்வலத்துக்கு நான் போறேன். போகாம இருக்க முடியாது என்னால. அவளக் கூட்டிட்டுப் போகல."

அழித்தேன். திரை வெள்ளையானது. அவர் எழுந்திருக்கவில்லை.

"மாப்ள. நெஜமா என்னதான் சொன்னா, கடைசியா?"

போலீஸ் கேட்டது. டிவிக்காரர்களும் கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

"பெருசா ஒண்ணும் இல்ல மச்சான்."

"பரவால்ல. சொல்லு."

அன்று காலை. நான் குளித்துவிட்டு வந்திருந்தேன். அவள் வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். பை தோளில். பாதிக் கதவு திறந்திருந்தது. நிமிர்ந்து படுக்கையறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஈரத் துண்ட கட்டில் மேல போடாத. எத்தன தடவ சொல்றது உனக்கு?"