கண்ணாடிக்குள் ஒரு ஆமாம்

என் மேல்வரிசை முன்பல் ஒன்று முழுக்க என்னுடையதல்ல. கல்யாண வீட்டுக் கிரிக்கெட்டில் பந்தை வாயால் பிடித்த வீரன் நான். உடைந்துபோன மிச்சத்தின் மேல் அன்று மாட்டிய பீங்கான் உறையைத்தான் ஊர் பல் என்று நம்புகிறது. தீவுத் தலைநகர் அபியாவில், எங்கள் தேவாலய பேண்டில் நான் ஊதும் ட்ரம்பெட்டும் அதை நம்பித்தான் உதட்டில் நிற்கிறது.

இப்போது உறைக்கு அடியில் சொத்தை. உறையை உடைக்காமல் கழற்றி, சுத்தம் செய்து, அதையே திரும்ப ஒட்ட வேண்டும். உடைந்தால் புதியது கடல் தாண்டி ஆக்லாந்திலிருந்து வரவேண்டும், வாரக்கணக்காகும். பிள்ளைகள் வெள்ளை உடுத்தி ஊர்வலமாகத் தேவாலயம் போய் வேத வசனம் சொல்லும் வெள்ளை ஞாயிறோ இந்த வாரமே. என் கடைசி மகள் முதல்முறையாக எல்லோர் முன்பும் வசனம் சொல்லப் போகிறாள். அப்பாதான் முன்னால் ஊதிக்கொண்டு போவார் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள்.

"பயப்படாதீங்க மாமா," என்றாள் பல் டாக்டர் சினலேய். "லேசர் பீங்கானைத் தாண்டிப் போய் அடியில இருக்கிற பசையை மட்டும்தான் பொரிக்கும். கூடவே தண்ணி பீச்சிக்கிட்டே இருக்கும்."

"தண்ணி நின்னுட்டா?"

"பீங்கான் சூடாகிக் கீறல் விடலாம். சூடு உள்ள இறங்கினா நரம்பு செத்துடும். அதனாலதான் மரத்துப்போற ஊசி போடல. சுட்டா நீங்கதான் சொல்லணும். ஆனா அசையாதீங்க, உதட்டுல பட்டுடும்."

ஆறுதல் சொல்வதில் அவள் கெட்டிக்காரி.

உதவியாளன் ரொபாத்தி எங்கள் பேண்டில் ட்ரம்போன் வாசிப்பவன். "அண்ணே, அந்த ட்ரம்பெட் பெட்டியை வெளிய வெச்சுட்டு வாங்க."

"உன்னை நம்பியா? போன மாசம் என் ட்ரம்பெட்டுக்குள்ள தேங்காய் பன்னைத் திணிச்சவன்டா நீ."

பெட்டியை நாற்காலிக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டேன். ரொபாத்தி என் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினான். பாதி நெற்றி மறைந்தது.

பட், பட், பட் என்று பொரியும் சத்தம். முதலில் குளிர்ந்த தூறல். பிறகு தூறல் மெலிந்தது, நின்றது. பல்லுக்குள் வெதுவெதுப்பு. பிறகு சூடு.

"சுடுதா மாமா?"

ஆமாம் என்றேன். அதாவது புருவத்தைத் தூக்கினேன். எங்கள் தீவில் ஆமாம் சொல்ல யாரும் வாயைச் செலவழிப்பதில்லை. என் மனைவி கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதே அப்படித்தான்.

"நல்லது," என்று அவள் தொடர்ந்தாள்.

நல்லதா! மறுபடி தூக்கினேன். பட், பட். ஏதோ கருகும் வாசனை. அப்போதுதான் புரிந்தது. என் ஆமாம் கண்ணாடிக்குள் கிடக்கிறது. அவளும் இந்த ஊர்ப்பெண்தானே, புருவத்தைத் தேடியிருப்பாள். காணாததால் இல்லை என்று எடுத்துக்கொண்டாள்.

கையைத் தூக்கினால் அவள் முழங்கை இடறும், உதடு போகும். முனகினேன். எச்சில் உறிஞ்சும் குழாய் என்னைவிட நன்றாக முனகியது. மகளின் வெள்ளை உடை கண்முன் வந்தது. முன்னால் ஊத ஆள் இல்லாத ஊர்வலமும் வந்தது. இருந்த பலத்தையெல்லாம் நெற்றிக்குக் கொண்டுபோய்த் தூக்கினேன், தூக்கிக்கொண்டே இருந்தேன்.

"டாக்டர், நிறுத்துங்க!" ரொபாத்தி கத்தினான். "கண்ணாடி குதிக்குது! அண்ணன் ஆமாங்கிறாரு!"

சத்தம் நின்றது. "தண்ணி வரலையே!" என்றாள் டாக்டர். ரொபாத்தி குனிந்து தண்ணீர்க் குழாயைத் தடவிக்கொண்டே போனான்.

"அண்ணே," என்றான் மெதுவாக. "உங்க பெட்டி. குழாய் மேல உக்காந்திருக்கு."

வாய் திறந்திருந்ததால் அவமானப்படக்கூட வசதியில்லை.

பல்லை ஆறவிட்டு, தண்ணீரோடு மறுபடி தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் உறை முழுசாகக் கழன்றது. விளக்கில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கீறல் இல்ல. நரம்புதான்..." முடிக்கவில்லை. என் கண்ணாடியைக் கழற்றி, பனிபோல் குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்தாள்.

"குளிர் தெரியுதா மாமா? தெரிஞ்சா நரம்பு உயிரோட இருக்கு."

ஒன்றும் தெரியவில்லை. அவள் முகம் வெளுத்தது.

பிறகு வந்தது பாருங்கள் ஒரு குளிர், பல்லில் புகுந்து உச்சந்தலை வரைக்கும்! என் புருவங்கள் இரண்டும் முடிக்குள் போய் ஒளிந்துகொண்டன.

டாக்டர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள்.

"சுத்தம் பண்ணி ஒட்டிடலாமா மாமா?"

மறுபடி தூக்கினேன். இந்த முறை எல்லோரும் பார்த்தார்கள்.