கட்டைவிரல் வாசகர்கள்

எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் பெரிய படிப்பாளிகள். நம்பாவிட்டால் எங்கள் வாட்ஸாப் குழுவைத் திறந்து பாருங்கள். காலையில் யாராவது ஒரு கட்டுரைக்கான லிங்க்கைப் போடுவார்கள். குடிக்கிற தேத்தண்ணி ஆறுவதற்குள் அதன் கீழே கட்டைவிரல்கள் வரிசைகட்டி நிற்கும்.

ஜெலாப்பாங்கில் லாரிக் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. தொழிலில் இருப்பவன் தினமும் படிக்க வேண்டும் என்பது எங்கள் மேலாளர் தினேஸ்வரியின் கொள்கை. நல்ல கொள்கைதான். இந்தத் துறையில் ஒரு வருடம் படிக்காமல் இருந்தால், நாம் எழுதியதே நமக்கு விளங்காமல் போகும். ஆனால் யார் படிக்கிறார்கள் என்பதை அவர் கட்டைவிரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். அங்கேதான் எனக்குத் தலைவலி.

நான் மெதுவாகப் படிப்பவன். தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டிவிட்டு, முப்பது வயதுக்கு மேல் படித்து இந்த வேலைக்கு வந்தவன். ஒரு கட்டுரையைக் கடைசி வரி வரை படித்து, அதில் சொன்னதை என் கணினியில் செய்து பார்த்தால்தான் எனக்கு மனம் ஆறும். அதற்குள் அடுத்த பத்து வந்து விழுந்திருக்கும். படிக்காததற்குக் கட்டைவிரல் காட்ட எனக்குக் கூச்சம். கூச்சமா சோறு போடப் போகிறது என்று வீட்டில் என் மனைவி மங்களம் கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இந்த வேலையை நம்பித்தான் கோலா கங்சார் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த ஒரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கியிருந்தோம். வேலையோ இன்னும் நிரந்தரமாகவில்லை.

திங்கட்கிழமை தினேஸ்வரி என்னைக் கூப்பிட்டார். வயதில் என்னைவிடச் சின்னவர்தான், பதவிக்காக அக்கா.

“சுகு, உங்க வேலைல குறை சொல்ல முடியாது. ஆனா நீங்க படிக்கிறதே இல்லையே. குரூப்ல உங்க கட்டைவிரலையே காணோம். வெள்ளிக்கிழமை உங்கள கன்ஃபர்ம் பண்றதா வேணாமான்னு நான் சொல்லணும்லா. என்னன்னு சொல்றது?”

“படிக்கிறேன்க்கா. கொஞ்சம் மெதுவா படிக்கிறேன்.”

அவர் நம்பவில்லை. வெளியே வந்ததும் பக்கத்து மேசை சுரேன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“யாரு மச்சான் படிக்கிறா? தட்டிட்டு போய்க்கிட்டே இரு லா.”

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல்கூட இல்லை, அவன் சொன்னது சரிதானே என்று எனக்கே தோன்றியதில்தான் கோபம். நாளையிலிருந்து நானும் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவது என்று முடிவுசெய்தேன்.

மறுநாள் காலையில் வந்த முதல் லிங்க் தினேஸ்வரியுடையது. தலைப்பு தெரியாத குட்டி லிங்க். “இத மறக்காம பாருங்க, ரொம்ப முக்கியம்” என்று மட்டும் எழுதியிருந்தார். நான் போனை எடுப்பதற்குள் கட்டைவிரல்கள் முளைத்துவிட்டன. ‘நம்ம சிஸ்டத்துக்கு அப்படியே பொருந்துதுக்கா’ என்று சுரேன் போட்டிருந்தான். ‘என் கண்ண தொறந்துடுச்சு’ என்றாள் ஷர்மினி. நானும் தட்டத்தான் போனேன். பழக்க தோஷம், விரல் லிங்க்கைத் திறந்துவிட்டது.

புங்கா காந்தான் பூ போட்டுச் செய்யும் அசாம் மீன் கறி, நம் பாஷையில் புளி மீன் கறி. செய்முறை, படத்துடன்.

கடைசி வரி வரை படித்தேன். சந்தேகம் வந்து இன்னொரு தடவையும் படித்தேன். அப்புறம் யோசித்தேன். சும்மா இருந்தால் நல்லது. ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டால் இன்னும் நல்லது. வாயைத் திறந்தால், வெள்ளிக்கிழமை என் தலையெழுத்தை எழுதப் போகிறவரை எல்லார் முன்னாலும் அசடு வழிய வைத்ததாக ஆகும். ஆனால் அந்தக் கட்டைவிரல்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே படிக்கிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்று ஒரு தடவையாவது தெரியட்டுமே.

‘அக்கா, முழுசா படிச்சேன். சாமான் லிஸ்ட்ல புளி இருக்கு. ஆனா அத எப்ப ஊத்துறதுன்னு எங்கயுமே போடல.’

குழுவில் கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு தினேஸ்வரி வெளியே வந்தார்.

“லூமுட்ல இருக்கிற என் நாத்தனாருக்கு அனுப்புனது, கை தவறி இங்க வந்துடுச்சு” என்றார். பிறகு மெதுவாகத் திரும்பினார். “சுரேன், நம்ம சிஸ்டத்துல இது எந்த இடத்துல பொருந்துது?”

சுரேன் விட்டத்தைப் பார்த்தான். முதலில் சிரித்தது தினேஸ்வரிதான். நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார்.

“உண்மைய சொன்னா, நீங்க போடுறத நானும் படிக்கிறதில்ல லா. யாரு தட்டுறான்னு மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இனிமே வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு. எல்லாரும் அதையே படிச்சிட்டு வந்து பேசணும். இந்த வாரத்துக்கு சுகு எடுங்க.”

என் வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே ஆர்டர் இரண்டு முறை வந்தாலும் லாரி ஒரு முறைதான் கிளம்ப வேண்டும், அதற்கு எப்படி எழுதுவது என்று ஒரு கட்டுரை. அதைத்தான் எடுத்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பக்கத்திலிருக்கும் மீரா சாஹிப் தேத்தண்ணிக் கடையில் கூடினோம். எழுதியவருக்கு லாரியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஷர்மினி அடித்துப் பேசினாள். சுரேன் நிஜமாகவே படித்திருந்தான், நிஜமாகவே சந்தேகம் கேட்டான். “தே தாரிக் ஆறிப்போவுது, குடிச்சிட்டு சண்ட போடுங்க” என்று மீரா சாஹிப் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் பயமும் இருந்தது, வெள்ளிக்கிழமை முடியப் போகிறதே. எல்லாரும் எழுந்திருக்கும்போது, தாங்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

“அக்கா, என் விஷயம் என்னாச்சு?”

தினேஸ்வரி என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“கன்ஃபர்ம்னு காலைலயே மெயில் போட்டேனே. பாக்கலையா?”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“இன்னும் அதுக்கு வரலக்கா” என்றேன். “புதன்கிழமை மெயில்தான் படிச்சிக்கிட்டு இருக்கேன்.”