தலைவர் குடிக்கும் முதல் டம்ளர்

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் மோகனசுந்தரத்தின் வயிறு கிட்டத்தட்ட ஒரு பொதுச்சொத்து. இருபது வருடமாக நெஞ்செரிச்சல். பத்து வருடமாக, சாப்பிட்ட பத்தாவது நிமிடம் கக்கூசுக்கு விரட்டும் குடல். இரண்டைப் பற்றியும் கூச்சமில்லாமல் பேசுவார். "நம்ம வவுறு நெம்ப சென்சிட்டிவுங்க" என்று கல்யாணப் பந்தியில் அவர் பாதியில் இலையை மூடும்போது, பக்கத்து இலைக்காரர்களுக்குத் தங்கள் வயிறு ஏதோ முரட்டுச் சாக்குப்பை என்று தோன்றிவிடும். தென்னை விவசாயிகள் கம்பெனியின் தலைவர் என்றால் இப்படி ஒரு வயிறு இருக்கத்தான் வேண்டும் என்று ஊரும் ஒத்துக்கொண்டிருந்தது.

சர்க்கரை அப்படியல்ல. அது தெரியவந்து ஐந்து வாரம் ஆகிறது. மனைவி சரஸ்வதியம்மாளைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

மறைத்ததற்குக் காரணம் நீரா. தென்னம்பாளையைச் சீவி இறக்கி, புளிக்கவிடாமல் கம்பெனி பாட்டிலில் அடைக்கும் இனிப்புச் சாறு. ஊரார் தெளுவு என்பார்கள். மேடையில் மட்டும் நீரா. எந்தக் கூட்டமானாலும் முதல் டம்ளரைத் தலைவர் குடித்துத்தான் தொடங்கவேண்டும் என்பது ஆறு வருட வழக்கம். குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு அவர் சொல்வது ஒரே வாசகம்: "சர்க்கரைக்காரங்களும் தைரியமாக் குடிக்கலாமுங்க. என்னையப் பாருங்க!"

ஊர் பார்த்தது. இப்போது எதைப் பார்க்கும் என்பதுதான் பயம்.

வயிற்றுக்கு அவர் போவது பாலக்காட்டு டாக்டரிடம். அங்கே வராந்தாவில் கம்பெனி மெம்பர் நாலு பேராவது எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் சர்க்கரைக்கு எதிர்த்திசையில் போனார். காரின் நம்பரை எல்லோரும் அறிவார்கள் என்று மனைவியோடு பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தமிழ்நாட்டு எல்லையான கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டியபிறகுதான் மூச்சு சீரானது.

"வேற எதுக்காச்சும் மாத்திரை சாப்புடறீங்களா?" என்று பொள்ளாச்சி டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க."

வயிற்றைச் சொன்னால் பாலக்காட்டு மருந்துச் சீட்டைக் கேட்பார். அதில் பெயருக்குப் பின்னால் 'பிரசிடெண்ட்' என்று எழுதியிருந்தது. எழுதச் சொன்னவர் இவர்தான்.

இப்படியாக வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் இரண்டு சாப்பாட்டுப் பட்டியல்கள் ஒட்டப்பட்டன. பாலக்காடு குழைந்த கஞ்சி, பழுத்த வாழைப்பழம், வெள்ளை ரொட்டி என்றது; பயறும் கீரையும் கூடாது. பொள்ளாச்சி பயறு, கீரை, ராகி என்றது. கஞ்சியையும் வாழைப்பழத்தையும் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது. பயறு தின்ற அன்று குடல் புரட்டியது. கஞ்சி குடித்த அன்று விரலில் குத்திப் பார்த்தால் மீட்டர் முந்நூறைத் தாண்டியது. நம்பவில்லை என்று இன்னொரு விரலில் குத்தினார். அது ஆறு புள்ளி கூடுதலாகக் காட்டியது.

"ரெண்டு டாக்டரும் ஒத்துப்போறது சுடுதண்ணி ஒண்ணுலதானுங்க" என்றாள் சரஸ்வதியம்மாள்.

கம்பெனியின் புது பாட்டில் யூனிட் திறப்புவிழா வந்தது. காலை எட்டு மணிக்கு வயிற்று மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் விழுங்கினார். இரண்டும் சாப்பாட்டுக்கு முன்னால். ராகி தோசை வந்ததும் கணக்குப் போட்டார். தின்றால் பத்து நிமிடம். மேடையில் இரண்டு மணி நேரம். தட்டைத் தள்ளிவிட்டார்.

"மாத்திரை போட்டுட்டு வெறும் வவுத்தோட போகாதீங்க. அந்த டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொல்லலீங்களா?"

"அவரு எம்பட வவுத்தப் பத்தித் தெரியாமச் சொன்னாரு, சரசு."

"தெரியாம வெச்சது ஆரு?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

பத்து மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர், "செக்போஸ்ட் தாண்டிட்டாரு" என்ற நிலையிலேயே ஒரு மணி நேரம் இருந்தார். வந்ததும், வழக்கத்தை மாற்றி முதல் டம்ளருக்கும் முன்னால் நாலு பேர் பேச வேண்டுமென்றார். மேடை நாற்காலியில் மோகனசுந்தரம் திட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டார்: டம்ளரை உதட்டில் வைப்பது, தொண்டையை அசைப்பது, மீசையைத் துடைப்பது. ஒரு சொட்டும் உள்ளே போகாது.

பதினொன்றரைக்குச் சட்டை முதுகோடு ஒட்டியது. விரல்கள் ஆடின. நெஞ்சு தறிபோல் அடித்துக்கொண்டது. எதிரே பேனரில் அவருடைய படம் ஒன்றுதான் இருந்தது. இப்போது இரண்டு தெரிந்தன. சர்க்கரை உச்சிக்கு ஏறிவிட்டது, மேடையிலேயே போய்விடுவோம் என்று நினைத்தார். செத்தால் காரணம் வெளியே தெரியுமே என்று அடுத்ததாக நினைத்தார்.

"தலைவர் முதல் டம்ளரை அருந்தித் தொடங்கிவைப்பார்!" என்றது மைக்.

டம்ளர் கையில் நிற்கவில்லை. நீரா தளும்பி மணிக்கட்டில் வழிந்தது. இரண்டாவது வரிசையிலிருந்து சரஸ்வதியம்மாள் எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறினாள். கம்பெனி மேடையில் ஒரு பெண் ஏறியது அதுவே முதல்முறை. குத்துவிளக்கு ஏற்றக்கூடப் பெண்களைக் கூப்பிட்டதில்லை.

"குடிங்க."

"ஏறிக் கெடக்குது சரசு… இதையும் குடிச்சா…"

"எறங்கிக் கெடக்குதுங்க. வேர்த்து நடுங்குனா உடனே இனிப்புக் குடுன்னு பொள்ளாச்சி நர்சு சொன்னாளே. அப்ப நீங்க ஆராச்சும் பாக்கறாங்களான்னு வாசலப் பாத்துட்டு இருந்தீங்க. குடிங்க!"

குடித்தார். அவள் இன்னொரு டம்ளரை நீட்டினாள். அதையும் குடித்தார். சிறப்பு விருந்தினர் தன் பேச்சைத் தொடங்கி, சொந்த வாழ்க்கையின் எளிமையை விவரித்து முடிப்பதற்குள் மோகனசுந்தரத்தின் கை நின்றுவிட்டது. பேனரில் படமும் ஒன்றானது. கூட்டம் கைதட்டியது. விருந்தினர் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

முன்வரிசையில் அர்த்தநாரி கம்பை ஊன்றி எழுந்தார். எழுபது வயது, நூறு தென்னை, வலது காலில் துணிக்கட்டு.

"தலைவரே, கண்ணால பாத்தனுங்க. சாயப்போன ஆளு ரெண்டு டம்ளர்ல நிமுந்துட்டீங்க. எனக்குச் சுகரு நானூறு. நீங்க சொன்னதுல இருந்து தெனமும் ரெண்டு பாட்டலு குடிக்கறேன். காலு ஆறமாட்டேங்குது. நாலாக் குடிச்சா ஆறிருமுங்களா?"

மைக்கை மோகனசுந்தரத்தின் கையில் கொடுத்தார்கள். வாசகம் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. துணிக்கட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ ஊறியிருந்தது. ஒரு ஈ அதில் உட்கார்ந்தது. அர்த்தநாரி அதை உணரவே இல்லை.

"குடிக்காதீங்கண்ணா" என்றார். "ஒண்ணுகூடக் குடிக்காதீங்க. எனக்கும் இருக்குதுங்க. அஞ்சு வாரமாச்சு. இன்னைக்கு மாத்திரையப் போட்டுட்டுத் திங்காம வந்துட்டேன், அதுல கொறஞ்சு போச்சு. அதுக்குத்தான் குடிச்சேன். நெதமும் குடிச்சா… நான் சொன்னது தப்புங்க."

கம்பெனி மேனேஜர் பிடுங்குவதற்கு மைக் வயரைத் தேடினார். அதற்குள் மோகனசுந்தரத்தின் அடிவயிற்றில் பழக்கமான ஒரு திருகல். நீரா குடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

"மீதிய ஊட்டுக்காரி சொல்லுவா" என்று மைக்கை நீட்டிவிட்டு மேடைக்குப் பின்னால் ஓடினார்.

கக்கூசின் தகரக் கதவைச் சாத்தி உட்கார்ந்தபோது ஒலிபெருக்கி அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது.

"ஏனுங்ணா, மாத்திரை என்ன சாப்புடறீங்க?" என்று சரஸ்வதியம்மாள் அர்த்தநாரியைக் கேட்டாள்.

மைக் இல்லாத பதில் காதில் விழவில்லை.

"ஒண்ணுமே இல்லீங்களா? தெளுவு மட்டுமா?" பிறகு கூட்டத்தைக் கேட்டாள்: "வேற ஆருக்கெல்லாம் இருக்குதுங்க? கையத் தூக்குங்க. வெக்கப்பட வேண்டாம்."

நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. எழுந்து போகிறார்களா, எழுந்து நிற்கிறார்களா? சன்னல் எட்டாத உயரத்தில் இருந்தது. தகரக் கதவில் காதை வைத்தார்.

"நாளைக்கே இவரு உங்களப் பொள்ளாச்சிக்குக் கூட்டிட்டுப் போவாருங்க. இவரோட ரெண்டு சீட்டையும் எடுத்துட்டுத்தான் போவோம்" என்றது தலைக்கு மேலே குரல். "பஸ்ஸுல இல்லீங்ணா, கார்லயே."