நத்தை ஊட்டிக்குப் போன கதை

திருச்செங்கோட்டில் போய், போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்கு ஹேமரும் பிட்டும் விற்கிற தனபால் கடை எது என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். 'ஊட்டி தனபால்' என்று கேளுங்கள், டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே முகவாயால் வழி சொல்லிவிடுவார். இத்தனைக்கும் அவன் ஊட்டியில் பிறந்தவனும் இல்லை, ஊட்டியில் பொண்ணெடுத்தவனும் இல்லை. கல்யாணமான புதுசில் பெண்டாட்டியை ஊட்டிக்குக் கூட்டிப்போ என்று ஊரே சொன்னபோது, வீம்புக்கென்றே ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனவன் அவன்.

பேர் வந்த வழி வேறு. தனபால் பள்ளிக்கூடம் போன காலத்தில் டிவியில் பிள்ளைகளுக்கென்று இருந்ததே ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம்தான். அதிலும் பாதி நேரம் தடங்கலுக்கு வருந்துவார்கள். மிச்ச நேரத்தில் வினாடி வினா. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, சட்டையின் கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு, கை கட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை 'டிவி மாமா' என்று ஒருவர் கேள்வி கேட்பார். பிள்ளைகள் பாடப் புத்தகம் பேசுகிற மாதிரி பதில் சொல்லும். அதில் கலந்துகொள்ளத் தனபாலின் பள்ளிக்கூடத்திலிருந்து வேன் பிடித்து மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார்கள். அறிவியலில் அவன் புலி.

டிவி மாமா கேட்டார், "ஆபத்து வந்தால் நத்தை எங்கே போகும்?"

இது ஒரு கேள்வியா? தனபால் துள்ளி எழுந்து சொன்னான், "ஊட்டுக்குப் போயிக்குமுங்க!"

"எங்கே?"

"ஊட்டுக்குங்க!"

"ஊட்டிக்கா?" டிவி மாமா கேமராவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "ஏன் தம்பி, வெயில் தாங்காதா அதுக்கு?"

அவ்வளவுதான். எதிர் வரிசைப் பிள்ளைகள் சிரித்தன, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சிரித்தன. கேமரா பிடித்தவர் தோள் குலுங்கியது. தனபாலுக்கு வீடு என்று சொல்லத் தெரியாமல் இல்லை. பதற்றத்தில் வாயில் வந்தது வீட்டுப் பேச்சு. அதைத் திருத்திச் சொல்ல வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

சரி, ஒளிபரப்பும்போது அந்த இடத்தை வெட்டியிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டு ஊர் வந்தான். வெட்டுவார்களா? முழுசாகப் போட்டார்கள். தெருவே செங்கோட்டையன் மாமா வீட்டுக் கலர் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தது. செங்கோட்டையன் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாள் முழுக்க ஊடு, ஊடு என்றே பேசுகிற மனுசன்! மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது தனபால் ஊட்டி ஆகியிருந்தான்.

அன்றைக்கு மாறியதுதான் அவன் பேச்சு. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்களைக் கேட்டுக் கேட்டு, வார்த்தைக்கு வார்த்தை இஸ்திரி போட்டுப் பேசப் பழகிக்கொண்டான். எங்கேயோ சத்தீஸ்கரில் போர் போடப் போன வண்டியிலிருந்து டிரைவர் போன் போட்டு, "அண்ணா, பிட்டு உள்ளயே சிக்கிக்கிச்சுங்க" என்று அலறுவான். இவன், "பதற்றம் வேண்டாம். மாற்று உபகரணம் இன்றே அனுப்பி வைக்கப்படும்" என்பான். பெண் பார்க்கப் போன அன்று இவன் பேசியதைக் கேட்டு, எருமப்பட்டிக்காரி கமலவேணி மாப்பிள்ளை பேங்க் மேனேஜர் போல என்று நினைத்துவிட்டாள். இப்போது அவளுக்கு அந்தப் பேச்சு சலித்துப் போயாயிற்று. "ஏனுங்க, சோறுண்ண வாரீங்களா, இல்ல சேதி வாசிச்சுப்போட்டுத்தான் வருவீங்களா?" என்பாள்.

மகள் கிருத்திகா பிறந்ததும் தனபால் ஒரு முடிவு கட்டினான். எந்தச் சபையில் நின்றாலும் இந்தப் பிள்ளையைப் பார்த்து ஒருத்தன் சிரிக்கக் கூடாது. அதற்கு வழியும் தோதாக வாய்த்தது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் டிவி அடியோடு மாறிப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போய், விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை கார்ட்டூன். ஜப்பான் பையன், அமெரிக்கப் பூனை, வடநாட்டுப் பயில்வான் எல்லோரும் ஒரே தமிழ் பேசினார்கள். எந்த ஊர் வாடையும் அடிக்காத தமிழ். மற்ற வீடுகளில் பிள்ளை கெட்டுப் போகுமென்று டிவியை அணைத்தார்கள். இவன் மட்டும் கேபிள்காரர் வருவதற்கு முன்னாலேயே போய்ப் பணம் கட்டி, பிள்ளையை எதிரே உட்கார வைத்தான்.

பலன் கிடைத்தது, ஏன் கிடைக்காமல்? கமலவேணி சீமாற்றைக் கையில் எடுத்தால் நாலு வயசுக் கிருத்திகா, "ஐயோ! யாராவது என்னைக் காப்பாற்றுங்கள்!" என்று ஓடுவாள். தோசை வைத்தால், "ஆஹா! நாவில் எச்சில் ஊறுகிறதே!" என்பாள். ஒரு பொங்கல் நோம்பிக்கு எருமப்பட்டி போனபோது ஆட்டுக்குட்டியைப் பார்த்து, "வணக்கம் நண்பா, உன் பெயர் என்ன?" என்று கேட்டிருக்கிறாள். "நான் பெத்தது புள்ளயா, டப்பிங் படமா?" என்று கமலவேணி தலையில் அடித்துக்கொண்டாள். தனபாலுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

இப்போது கிருத்திகா பதினோராம் வகுப்பு. வீட்டு டிவியை யாரும் சீந்துவதில்லை, அதன்மேல் கமலவேணி துவைத்த துணியை மடித்து வைக்கிறாள். கிருத்திகா பார்ப்பதெல்லாம் செல்போனில் வருகிற வெப் சீரிஸ்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கதைகள். ஒரு நாள் தனபால் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். அதில் ஒரு பெண், "எங்க ஊட்டுக்கு வாரியா?" என்று கேட்டாள். தனபால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான், இப்போது சிரிப்பார்கள் என்று. ஒருத்தரும் சிரிக்கவில்லை. கேட்கப்பட்ட பெண், "வாரேன், இரு" என்று செருப்பு மாட்டினாள். தனபாலுக்கு ரொம்ப நேரம் அது செரிக்கவே இல்லை.

அப்படிப்பட்ட சீரிஸ் ஒன்றை இந்தப் பக்கத்திலேயே எடுக்கப் போகிறார்களாம், நடிக்க இந்த ஊர்ப் பிள்ளைகள் வேண்டுமாம், பக்கத்து இன்ஜினியரிங் காலேஜில் ஆடிஷனாம். கிருத்திகா அதற்குப் போக வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஏதோ பேசிப் பேசிப் பார்த்தாள். தனபாலுக்கு டிவி மாமாவின் ஞாபகம் வந்தது. நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும். கேமரா இருக்கும்.

"இதெல்லாம் தேவையற்றது" என்றான்.

"போய்ப்போட்டு வரட்டுமுங்க" என்றாள் கமலவேணி. "அவளே பயப்படல. உங்களுக்கு என்ன பயம்?"

என்ன பயமென்று அவன் எப்படிச் சொல்வான்? கடைசியில், தானும் கூடவே உள்ளே உட்காருவதென்றால் சரி என்று பைக்கை எடுத்தான்.

காலேஜ் ஹாலில் முன் வரிசையில் வித்யா என்ற டைரக்டர் உட்கார்ந்திருந்தாள். சென்னைப் பெண், முப்பது வயசுக்குள் இருக்கும். பிள்ளைகள் நடுவில், பெற்றவர்கள் பின்னால். "உங்க வீட்ல ஒரு காலை நேரம். அதை அப்படியே செஞ்சு காட்டணும், அவ்வளவுதான்" என்றாள் வித்யா. முதலில் போன பையன் வார்த்தைக்கு வார்த்தை ஏனுங்க போட்டான். பல் விளக்கும்போதுகூட ஏனுங்க. வித்யா கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டாள். அடுத்தது ஒரு பெண் அழுது காட்டினாள். காலையில் எழுந்ததும் எதற்கு அழுகிறாளென்று யாருக்கும் புரியவில்லை.

அப்புறம் கிருத்திகா. மேடையேறிப் போர்வையை விலக்குகிற மாதிரிக் கையை வீசி, சோம்பல் முறித்து, கண்ணை அகல விரித்தாள்.

"ஆஹா! என்ன ஓர் அற்புதமான காலைப்பொழுது! நண்பர்களே, இன்று நாம் எந்தச் சாகசத்திற்குப் புறப்படப் போகிறோம்?"

ஹால் குபீரென்று சிரித்தது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தன. வித்யாகூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

தனபாலுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். எந்தப் பேச்சை ஆகாதென்று அவன் ஒதுக்கினானோ அதற்குப் பதிலாகக் கொடுத்த பேச்சுக்கே சிரிக்கிறார்களே! இந்தத் தமிழை வாயில் ஊட்டியது அவன்தானே? பாவி நான், மகளை நானே கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே என்று அவனுக்கு இருந்தது. எப்போது எழுந்தானென்று அவனுக்கே தெரியாது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ற புள்ள என்ன சொல்லிப்போட்டான்னு இப்புடிச் சிரிக்கறீங்க?" என்று கத்தினான். "சின்னப்புள்ளயக் கூட்டியாந்து நிக்கவெச்சுச் சிரிக்கறதுக்கா இத்தன லைட்டு போட்டு வெச்சிருக்கீங்க? வா சாமி, வா. நம்மூட்டுக்குப் போலாம்!"

கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது. ஹால் கப்சிப்பென்று ஆனது. நம்மூடு. இத்தனை வருசம் இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த பேச்சைத் தாண்டிக்கொண்டு அது எங்கிருந்து வந்தது? தனபால் அப்படியே நின்றான். அப்போதுதான் மகளின் முகத்தைப் பார்த்தான். எல்லோரும் சிரித்தபோது மலர்ந்திருந்த முகம், இப்போதுதான் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது.

"ஒரு நிமிஷம் மேம்" என்று வித்யாவிடம் சொல்லிவிட்டு அவள் இறங்கி வந்து, அப்பன் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னப்பா பண்ணிட்டீங்க?" கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"சிரிச்சாங்கல்ல சாமி…"

"சிரிக்கணும்னுதானே சொன்னேன்! அந்த எடத்துல சிரிக்கணும்னுதானே ஊட்டுல கதவச் சாத்திட்டு அத்தன தடவ சொல்லிப் பாத்தேன்! இன்னும் பாதிகூட முடியல. அதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்க."

தனபால் சட்டைப் பையில் கர்ச்சீப்பைத் தேடினான்.

"நத்தை விசயம் எனக்குத் தெரியும்ப்பா. அம்மா எப்பவோ சொல்லிருச்சு" என்றாள் கிருத்திகா. கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அன்னிக்கு உங்களப் பாத்துச் சிரிச்சாங்க. நான் சிரிக்க வெக்கறேன். ரெண்டும் ஒண்ணு இல்லப்பா."

கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "நீங்க இங்கயே இருங்க. உள்ள வராதீங்க" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தனபால் வராந்தாவில் நின்றான். போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று கதவுப் பிடிவரை கை போனது. வராதீங்க என்று சொல்லிவிட்டாளே. ஜன்னலில் பாதிக் கதவு திறந்திருந்தது, ஆள் தெரியாது, பேச்சு கேட்கும். அங்கே போய் நின்றுகொண்டான்.

"ஏஞ்சாமி, பொழுது உச்சிக்கு வந்துருச்சு, இன்னும் படுக்கய உட்டு எந்திரிக்கலையா? சீமாறு எடுத்துட்டு வாரேன் பாரு!"

தனபால் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தான், கமலவேணிதான் வந்துவிட்டாளோ என்று. அச்சு அசல் அவள் குரல். உள்ளே சிரிப்பு வெடித்தது. உடனே, "ஐயோ! அரக்கி வந்துவிட்டாள்! நண்பர்களே, தப்பித்து ஓடுங்கள்!" என்றது இன்னொரு குரல். மறுபடி சிரிப்பு. "யாருடி அரக்கி? உங்கொப்பன் படிக்கவெச்ச லட்சணம்!" ஒரே வாய், ரெண்டு பேச்சு. அம்மாவின் பேச்சு மகளுக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் தெரிந்திருக்கிறது. இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்தும் அவனுக்கு அது தெரியவில்லை.

அப்புறம் நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது.

"என்ற புள்ள என்ன சொல்லிப்போட்டான்னு இப்புடிச் சிரிக்கறீங்க?"

அவன் கத்தியதேதான், அவள் வாயில். ஹால் கூரை பிய்ந்துகொள்கிற மாதிரி சிரித்தது. யாரோ மேசையைத் தட்டினார்கள். தனபாலுக்குக் காது மடல் சுட்டது. இங்கிருந்து போய்விடலாமென்று ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டான்.

"வா சாமி, வா. நம்மூட்டுக்குப் போலாம்."

இதை அவள் கத்தவில்லை. கத்தும்போது அவன் குரல் எங்கே உடைந்ததோ, அதே இடத்தில் அவள் குரலும் உடைந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் அடங்கினார்கள். அதையும் கேட்டிருக்கிறாள் கழுதை. அத்தனை பேர் முன்னால் மானம் போனதென்று முகம் சிவந்து நின்ற நேரத்திலும், அப்பன் குரல் எங்கே உடைந்ததென்று கேட்டு வைத்திருக்கிறாள். தனபால் எடுத்து வைத்த அடியைத் திருப்பி வைத்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்தது எப்போது சிரிப்பார்களென்று காது கொடுத்து நின்றான். சிரித்தார்கள். இன்னொரு முறையும் சிரித்தார்கள்.

வராந்தா வழியாக வந்த வாட்ச்மேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உள்ள என்னங்க இத்தன சிரிப்பு?" என்று கேட்டார்.

"என்ற புள்ளதானுங்க" என்றான் தனபால். "சிரிக்க வெக்கறா."