ஜோலீன் இருந்த கேரவன்

"இன்னும் வா... இன்னும் கொஞ்சம்... நில்லு! நில்லுன்னா நில்லு!"

மார்லிஸ் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காகப் பிடித்தாள். பிக்கப் வண்டி நின்றது. அதில் மாட்டியிருந்து பின்பக்கமாகவே ஊர்ந்து வந்த கேரவனும், பைன் மரத்தில் மோத ஒரு முழம் இருக்கும்போது முனகிக்கொண்டு நின்றது. கர்ட்டிஸ் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"இடதா வலதான்னு சொல்லாம, ஏரோப்ளேனை இறக்குற மாதிரி கையை ஆட்டினா நான் என்னத்தைக் கண்டேன்?"

"கண்ணாடியைப் பாரு கிழவா. அதுல என் முகம் தெரியலைன்னா, நீ என் மேலதான் ஏத்துறன்னு அர்த்தம்."

"அதுக்குத்தான் பாக்காம ஓட்டுறேன்."

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் இந்தச் சண்டை இல்லாமல் அவர்கள் ஒரு விடுமுறை முகாமிலும் வண்டியை நிறுத்தியதில்லை. மற்ற வருஷங்களில் சுற்றியிருப்பவர்கள் மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கையில் பீரோடு உட்கார்ந்து இதை வேடிக்கை பார்ப்பார்கள். ஒருவர் சிரிப்பார், ஒருவர் மார்க் போடுவார், கடைசியில் யாராவது எழுந்து வந்து தள்ளி நின்று வழி சொல்வார். இந்த ஜூன் மாதம் அப்படி யாரும் இல்லை. கொரோனாவுக்காக மூடியிருந்த முகாம் திறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஒன்று விட்டு ஒரு இடத்தில் மஞ்சள் நாடா கட்டி அடைத்திருந்தார்கள். தள்ளித் தள்ளி நின்ற நாலைந்து கேரவன்களிலும் ஆட்கள் உள்ளேயே இருந்தார்கள். யாராவது கேலி செய்தால்கூடத் தேவலை என்றிருந்தது மார்லிஸுக்கு.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் ட்ரூடி வந்தாள். முகத்தில் மீன் படம் போட்ட மாஸ்க். நீளக் கைப்பிடி வைத்த மீன் வலையை நீட்டினாள். வலைக்குள் அவர்களுடைய அனுமதிச் சீட்டு கிடந்தது.

"எடுத்துக்கோ மார்லிஸ். கிட்ட வராதே, எனக்கு அறுபத்தெட்டு வயசாகுது."

"போன வருஷம் அம்பத்தொம்பதுன்னு சொன்னே."

"போன வருஷம் சாவு பயம் இல்ல, பொய் சொன்னேன். இந்தா பாரு, குளிக்கிற இடம் பூட்டியாச்சு. கக்கூஸ் பூட்டியாச்சு. ஊஞ்சலையும் கட்டியாச்சு. ஏரியை மட்டும்தான் பூட்ட முடியல." சிரித்துவிட்டு, ட்ரூடி கேரவனை நிமிர்ந்து பார்த்தாள். "இதுதானே அது? அந்த நர்ஸ் பொண்ணு இருந்த..."

"அதுதான்."

ட்ரூடி வலையைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். தான் நகர்ந்தது அவளுக்கே தெரிந்திருக்காது. மார்லிஸுக்குத் தெரிந்தது.

ஜோலீன் கேரவனில் குடியேறியது மார்ச் கடைசியில். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டு திறந்துவிட்டார்கள். வீட்டில் புருஷனும் ஆறு வயது மகளும். வேலை முடிந்து நோயோடு வீட்டுக்குள் போக அவளுக்குப் பயம். கேரவன் வைத்திருப்பவர்கள் யாராவது இரவல் தருவார்களா என்று தேவாலயத்தின் மூலமாகக் கேட்டு அனுப்பியிருந்தாள். கர்ட்டிஸ் குதித்தான். "என் பல்செட்டைக் கேட்டாலும் கழட்டிக் குடுப்பேன். கேரவனைக் குடுக்க மாட்டேன்" என்றான். மறுநாள் காலை அவனே அதை இழுத்துக்கொண்டு போய் ஜோலீன் வீட்டு வாசலில் நிறுத்தினான்.

புருஷன் நோலனிடம் விவரம் சொன்னது மார்லிஸ். வாசலின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். தண்ணீர் இப்படி, அடுப்பு இப்படி. கேரவனின் விளக்கு எல்லாம் பாட்டரியில் எரிவது, அதற்குக் கூரைமேல் இருக்கும் சோலார் பலகைதான் சோறு போடுகிறது. "பாட்டரி ரொம்பப் பழசு. மூணு நாள் வெயில் இல்லைன்னா லைட்டு எரியாது. பயந்துடாதீங்க" என்றாள்.

ஜோலீன் அந்த விளக்குக்கு ஒரு வேலை கண்டுபிடித்தாள். மகள் பெத்தனி தூங்கப் போகும் நேரத்துக்கு, கேரவன் கதவுக்கு மேலே இருக்கும் வெளிவிளக்கை மூன்று தடவை போட்டு அணைப்பாள். வீட்டின் சமையலறை ஜன்னலில் பெத்தனி மூன்று தடவை போட்டு அணைப்பாள். அப்புறம்தான் தூக்கம். தெருவே அந்த நேரத்துக்கு வாசலில் வந்து நின்றதாகப் பேசிக்கொண்டார்கள்.

மே மாதம் ஒரு வாரம் முழுக்க மழை. ஒருநாள் மத்தியானம், "அசதியா இருக்கு, தூங்கப் போறேன்" என்று போனில் செய்தி அனுப்பினாள் ஜோலீன். அன்று ராத்திரி விளக்கு எரியவில்லை. போனையும் எடுக்கவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தான் நோலன். பெத்தனி ஜன்னலை விட்டு நகராமல் நின்றபோது, "பாட்டரி தீந்துடுச்சும்மா, மழை பெய்யுதுல்ல?" என்று சொல்லிப் படுக்க வைத்தான். காலையில் போய்க் கதவைத் தட்டினான். கேரவனிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை.

'ஒரு ராத்திரி' என்று டாக்டர் சொன்னதாக ஊரில் பேச்சு. ஒரு ராத்திரி முன்னால் கொண்டுவந்திருந்தால்.

இத்தனை நாளாக மார்லிஸ் அந்த ராத்திரியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய பாட்டரியோடு குடுத்தது நாம்தானே. கனமாக இருந்தாலும் தூக்கக்கூடிய கனம். ஒரு பொருள் பழுதானது, அவ்வளவுதான். ஆனால் நேற்று நோலன் போன் செய்திருந்தான். "நாளைக்கு முகாம்ல இருப்பீங்களா மார்லிஸ்? சாயங்காலம் வரேன். அந்தப் பாட்டரியைப் பத்தி ஒண்ணு கேக்கணும்." மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

கர்ட்டிஸ் சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருக்கும்போது அவள் உள்ளே ஏறினாள். மூன்று தடவை மருந்து அடித்துத் துடைத்த கேரவன். எங்கும் ப்ளீச் வாடை. ஆனாலும் கொக்கியில் தொங்கிய கோப்பைகளின் பிடிகள் எல்லாம் இடது பக்கம் பார்த்தன. ஜோலீனுக்கு இடது கைப் பழக்கம் என்று பிறகுதான் யாரோ சொன்னார்கள். மார்லிஸ் ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டினாள். குளியலறைக் குழாயில் கறுப்பு ரப்பர் பேண்ட் ஒன்று சுற்றியிருந்தது. அதில் நீளமாக ஒரு செம்பட்டை முடி. அதைக் கழற்றக் கை வரவில்லை. படுக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். ஜன்னல் ஓரமாக, வெளியே பார்த்துக்கொண்டே ஒருத்தி உட்கார்ந்து உட்கார்ந்து மெத்தை அந்த இடத்தில் மட்டும் அமுங்கியிருந்தது. மார்லிஸ் சட்டென்று எழுந்துகொண்டாள். யாருடைய மடியிலோ உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

வெளியே வந்தாள். பாட்டரி, கேரவனின் மூக்கில், பிக்கப்போடு கொக்கி போடும் இடத்தில், ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும். எதைப் பற்றிக் கேட்கப்போகிறானோ அதை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வாரை அவிழ்த்து மூடியைத் தூக்கினாள்.

உள்ளே பளபளவென்று சிவப்பு மூடியோடு புது பாட்டரி இருந்தது.

"கர்ட்டிஸ், இதை எப்ப மாத்தினே?"

அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். பிடிபட்டவனின் சிரிப்பு.

"பாத்துட்டியா? அந்தப் பொண்ணுக்குக் குடுக்குறதுக்கு முந்தின நாள் ராத்திரி. உன்கிட்ட அவ்வளவு கத்திட்டு, அப்புறம் நானே போய்ப் புதுசு வாங்கிப் போட்டேன்னா நீ ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவே. அதான் மூச்சு விடல. சாதாரண பாட்டரின்னு நினைச்சியா? பத்து நாள் சூரியனே வரலைன்னாலும் அசையாது."

மார்லிஸ் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஏரியில் லூன் என்ற நீர்ப்பறவை ஒன்று நீளமாக ஊளையிட்டது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? நல்லதுதானே செஞ்சேன்?"

"நல்லதுதான் செஞ்சே." அவள் பாட்டரியையே பார்த்தாள். "கர்ட்டிஸ், அன்னிக்கு ராத்திரி லைட்டு எரியாததுக்குப் பாட்டரி காரணம் இல்ல. அவளால எழுந்து ஸ்விட்சைப் போட முடியல. அதுதான் காரணம். நோலன் பாட்டரின்னு நினைச்சுட்டுத் தூங்கிட்டான். நான் சொன்னதை நம்பி."

கர்ட்டிஸின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அது இருப்பதை அவன் மறந்துவிட்டான். கீழே கிடந்த கட்டையைக் காலால் தட்டினான்.

"அவன் வந்து கேப்பானா?"

"அதுக்குத்தான் வரான்."

"மெஷின் விஷயத்துல நான் பொய் சொன்னதே இல்ல மார்லி."

"தெரியும்."

"நீ என்ன சொல்லப் போறே?"

உண்மையைச் சொன்னால் நோலன் வீட்டுக்குப் போய் அந்தச் சமையலறை ஜன்னலில் நின்று என்ன செய்வான்? பொய் சொன்னால்? ஒரு மனுஷன் நாற்பது மைல் வண்டி ஓட்டிக் கேட்க வருவதற்குப் பொய்யையா கையில் கொடுப்பது? பேசி முடிவெடுக்க நேரம் இல்லை. கார் ஒன்று சரளைக் கல்லை நொறுக்கிக்கொண்டு வளைவில் திரும்பியது. கர்ட்டிஸ் அவள் கையிலிருந்து மூடியை வாங்கிப் பெட்டியை மூடி, வாரை இறுக்கிக் கட்டினான்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. நோலன் நெருப்புக் குழியின் அந்தப் பக்கம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். முப்பத்தெட்டு வயது ஆள், சட்டை தோளில் தொங்கியது. மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. கேரவனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தான்.

"பெத்தனி எப்படி இருக்கா?" என்றாள் மார்லிஸ்.

"என் அக்கா வீட்டுல இருக்கா. ஜன்னலே இல்லாத ரூம்தான் வேணும்னு கேட்டாளாம்."

காப்பி ஊற்றி, நடுவில் ஒரு மரக்கட்டையில் வைத்துவிட்டு வந்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"சுத்தி வளைக்கத் தெரியல எனக்கு" என்றான். "அந்தப் பாட்டரி... பழசுன்னு சொன்னீங்க. உண்மையாவே அது அன்னிக்குத் தீந்துதான் போயிருக்குமா?"

மார்லிஸ் வாயைத் திறந்தாள். அவளை முந்திக்கொண்டு கர்ட்டிஸ் பேசினான்.

"அந்தப் பாட்டரியா? அதெல்லாம் பொணம் தம்பி. வண்டி திரும்பி வந்ததும் பாத்தேன், ஒரு சொட்டு இல்ல உள்ள. தூக்கிக் கடையில குடுத்துட்டுப் புதுசு மாட்டினேன்." சொல்லும்போது தன் காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். முப்பத்தைந்து வருஷத்தில் அவன் அப்படிச் செய்து மார்லிஸ் பார்த்ததில்லை.

"அப்ப லைட்டு எரிஞ்சிருக்காது."

"எப்படி எரியும்?"

"வேற எதுவும் ஓடியிருக்காது?"

"எதுவுமே ஓடாது. செத்த பாட்டரி செத்ததுதான்."

நோலன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு மாஸ்க்கைக் கழற்றி முழங்காலில் வைத்து, மடிப்பை நீவிவிட்டான். தாடி ஒரு மாதத்துக்கு வளர்ந்திருந்தது.

"பெத்தனி தூங்கினதும் குப்பை போட வெளிய வந்தேன் அன்னிக்கு. மழை விட்டுக் காத்து அடிச்சிட்டிருந்துச்சு. கேரவன் பக்கத்துல நின்னேன்." நிறுத்திக்கொண்டான். "மேல கூரை விசிறி ஓடிட்டிருந்துச்சு. ஜுரத்துல புழுங்கியிருக்கும் போல, போட்டிருக்கா. நல்லாக் கேட்டுது. அதுவும் அதே பாட்டரிலதானே ஓடுது?"

கர்ட்டிஸின் கை காதிலேயே நின்றுவிட்டது.

"கேட்டுட்டேதான் உள்ள போனேன். பாட்டரி தீந்துடுச்சுன்னு பெத்தனிகிட்ட சொன்னேன்ல, அதை நானே நம்பிட்டேன். எனக்கும் தூக்கம் வந்துச்சு."

"நோலன்..." என்றாள் மார்லிஸ்.

"திட்ட வரல மார்லிஸ். நீங்க குடுக்கலைன்னா அவ ரெண்டு மாசம் எங்களைப் பாத்துட்டே இருந்திருக்க முடியாது." அவன் கர்ட்டிஸ் பக்கம் திரும்பினான். "நீங்க சொன்னீங்களே இப்ப. அது காதுக்கு நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

கர்ட்டிஸ் காதிலிருந்து கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டான். மார்லிஸ் எழுந்தாள். இடைவெளி விட வேண்டும் என்பது நினைவில் இருந்தும், நெருப்புக் குழியைச் சுற்றிக்கொண்டு நடந்து நோலனின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவன் நிமிரவில்லை.

அப்போது ஏரியிலிருந்து காற்று கிளம்பி வந்தது. பைன் மரங்கள் முதலில் அசைந்தன. பிறகு கேரவனின் கூரையிலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று தொடங்கியது. மூன்று பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கூரை விசிறியின் மூடி திறந்திருந்தது. அதைத் திறந்தது யார் என்று மார்லிஸுக்கு நினைவில்லை. ஸ்விட்ச் போடாத அந்த வெள்ளை விசிறி, வெறும் காற்றிலேயே முதலில் ஒரு சுற்று, தயங்கி இன்னொரு சுற்று, பிறகு நிற்காமல், சாயங்கால வெளிச்சத்தை வெட்டி வெட்டிச் சுழன்றுகொண்டிருந்தது.