மடிச்சோறு

கமலவேணியை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அந்த முகாமுக்கு அழைக்கவில்லை. அவளாகத்தான் போதகர் தேவசகாயத்திடம் போய் நின்றாள். ஆகஸ்ட் விடுமுறையில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் நாற்பது பேரைத் தங்கா பத்து கடற்கரையில் பத்து நாள் வைத்துப் பாட்டும் வேதபாடமும் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சம்பளம் கிடையாது. சம்பளம் யாருக்கு வேண்டும்? உள்ளங்கையில் ஒட்டிக்கிடந்த சூடு போனால் போதும் அவளுக்கு.

அந்தச் சூட்டைச் சொல்லாமல் கதை நகராது. இரண்டு வருஷத்துக்கு முன்பு, வெள்ளைக்கார சர்க்கார் கம்யூனிஸ்டுகளை அடக்கப் போட்ட அவசரகாலம் உச்சத்தில் இருந்தபோது, மஸ்ஜித் தானா ஊர்ப்பக்கத்தில் ஒரு தோட்டத்தின் முள்கம்பி வாசலில் அவள் சோதனைக்காரி. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கை போகக்கூடாது என்று சட்டம். வெளியே போகும் பெண்களின் மடியைத் தடவிப் பார்ப்பது அவள் வேலை. ஒருநாள் மாரியம்மாவின் மடியில் வாழையிலைப் பொட்டலம் அகப்பட்டது. சுடச்சுடச் சோறு. புருஷனுக்குத் திதி, கம்பிக்கு வெளியே அவனைப் புதைத்த இடத்தில் காக்காய்க்கு வைக்கப் போகிறேன் என்று மாரியம்மா கெஞ்சினாள்.

கமலவேணிக்குத் தெரியாதா என்ன? அவள் வீட்டிலும் காக்காய்க்கு வைத்துவிட்டுச் சாப்பிடுகிறவர்கள்தானே. அத்தனையும் தெரிந்துதான் காவலனைக் கூப்பிட்டாள் பாவி. விட்டுவிட்டதை யாராவது பார்த்து வத்தி வைத்துவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம். மாரியம்மாவைத் தடுப்புமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் மாதம், காய்ச்சலில் செத்துப்போனாள் என்று சேதி வந்தது. அன்றிலிருந்து கமலவேணியின் கை சுட்டுக்கொண்டே இருக்கிறது.

தங்கா பத்தில் பிள்ளைகள் லாரியில் வந்து சேர்ந்தார்கள். எட்டு வயது இருசம்மாள், மாரியம்மாவின் மகள், அதே அகன்ற நெற்றியோடு இறங்கினாள். அத்தை வளர்க்கிறாளாம். தன்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை என்று கமலவேணி மனசைத் தேற்றிக்கொண்டாள். தினமும் அவள் தட்டில் மட்டும் இரண்டு கரண்டி கூடப் போட்டாள். சாப்பாட்டு ஜெபத்தின்போது எல்லோரும் கண்ணை மூடுவார்கள், கமலவேணி மூடமாட்டாள். மூடினால் மாரியம்மா வாசலில் நின்று மடியை அவிழ்ப்பாள்.

இங்கேயும் அதே சட்டம். வேலிக்கு வெளியே சோறு போகக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் போலீஸ் அனுமதி கொடுத்திருந்தது. பழகின கையாச்சே என்று போதகர் அவளையே வாசலில் நிறுத்தினார். என்ன காரணம் சொல்லி மறுப்பாள்?

ஆடி அமாவாசை அன்று, மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் கடலுக்குப் போக வரிசையில் நின்றார்கள். கமலவேணி ஒவ்வொருவராகத் தடவி அனுப்பினாள். கடைசியாக நின்ற இருசம்மாளின் இடுப்பில் கை பட்டதும் சுட்டது. கவுனுக்குள்ளே கைக்குட்டையில் சோறு. கூடப் போட்ட அந்த இரண்டு கரண்டிச் சோறு. பிள்ளை அழவில்லை, கெஞ்சவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

காவலுக்கு நின்ற முனியாண்டி துப்பாக்கியோடு திரும்பினான். "என்னா அங்க?"

கமலவேணி பிள்ளையின் கவுனை இழுத்துச் சரிசெய்தாள். "ஒன்னும் இல்லண்ணே," என்றாள்.

அப்பாடா, கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தவள் பிள்ளையின் பின்னாலேயே போனாள். இருசம்மாள் பக்கத்துச் செடியில் ஓர் இலையைப் பறித்துச் சவுக்கு மரத்தடியில் போட்டுச் சோற்றை வைத்தாள். அம்மாவைப் புதைத்த இடம் தெரியாததால் கடலோரத்தில் வைத்தால் போதும் என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தாளாம். கிளையில் பத்துக் காக்காய்கள் இருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. கமலவேணியும் கா கா என்று தொண்டை கட்டக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவை கழுத்தைச் சாய்த்து அவளையே பார்த்தன.

இருசம்மாள் திரும்பினாள்.

"நீங்க போங்கக்கா. தோட்டத்துக் கேட்டுல எங்கம்மா மடிய அவுத்தது நீங்கதானே. நீங்க நின்னா அம்மா சாப்பிட மாட்டாங்க."

கமலவேணி பத்தடி பின்வாங்கினாள். காக்காய்கள் அசையவில்லை. வேலிவரைக்கும் போனாள், அப்போதும் அசையவில்லை. வாசலைத் தாண்டி, சமையல் கொட்டகையைத் தாண்டி, அந்த மரம் கண்ணுக்கு மறைகிற இடத்துக்குப் போனபிறகுதான் சடசடவென்று சிறகுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு கையையும் முழங்கைவரை விட்டுக்கொண்டு நின்றாள். சூடு போகவில்லை.