முதல் கேள்வி

கிரேன்காரர் படுக்கையில் விழுந்த பிறகு அந்த வீட்டில் எல்லாரும் அவரைப் பற்றிப் பேசினார்கள். அவரோடு பேசுவதை மட்டும் மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள்.

துறைமுகத்தில், ஆறு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலில் வரும் இரும்புப் பெட்டிகளைத் தீப்பெட்டி போலத் தூக்கி அடுக்கிய மனிதர் அவர். ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மூளையின் அடித்தண்டில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் தப்பியது. ஆனால் விரல், நாக்கு, இமை என்று எல்லாமே அவர் பேச்சைக் கேட்க மறுத்துவிட்டன. கண் பாதி திறந்திருக்கும், எதையும் பின்தொடராது. "உள்ளே ஆள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்று சொல்லி டாக்டர் கையை விரித்துவிட்டார். நான்கு வருடமாக அவர் மனைவி அந்த 'லாம்' என்பதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். விடிவதற்குள் வண்டியை எடுத்து, பிற்பகலில் டிப்போவில் விட்டுவிட்டு வருவாள். அதுவரை அவரைப் பார்த்துக்கொள்வது அவளுடைய நாத்தனார், அதாவது அவருடைய அக்கா. தங்கமான மனசு, ஓட்டை வாய். தம்பியின் தலைமாட்டில் ஒரு ரேடியோவை வைத்து, "அவனுக்குப் பாட்டுன்னா உசுரு" என்று காலை முதல் மாலை வரை ஓடவிட்டிருந்தாள். அவர் மேல் குனிந்துகொண்டே பக்கத்து வீட்டு வம்பு, தன் மருமகள் மேல் இருக்கும் குறை எல்லாவற்றையும் போனில் கொட்டுவாள். சுவருக்குக் காது உண்டு என்பார்கள். கட்டிலுக்கும் உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் மருத்துவமனையிலிருந்து ஒரு புதுக் கருவியைப் பற்றிச் செய்தி வந்தது. தலையில் மாட்டுகிற மெல்லிய தொப்பி ஒன்று. பேச முயலும்போது மூளையிலிருந்து நாக்குக்கும் உதட்டுக்கும் போகிற கட்டளையை அது பிடிக்கும். செயற்கை நுண்ணறிவு அந்தக் கட்டளையைச் சொல்லாக மாற்றும். நாக்கு அசைய வேண்டியதில்லை, அசைக்க நினைத்தால் போதும். இமையையாவது சிமிட்ட முடிந்தவர்களுக்கு இது பலித்திருக்கிறது. இவரைப் போல முழுக்கப் பூட்டப்பட்டவருக்கு இதுதான் முதல் தடவை.

நிறுவனத்துப் பொறியாளர் ஒரு இளம்பெண். மாதக்கணக்கில் வீட்டுக்கு வந்தாள். அவர் காதில் ஒரு சொல்லை ஒலிக்கவிடுவாள், "இதைச் சொல்லிப் பாருங்க அங்கிள்" என்பாள், காத்திருப்பாள், அடுத்த சொல்லுக்குப் போவாள். கணினித் திரையில் கோடுகள் புல்லைப் போல ஆடும்.

"ஏதாவது தெரியுதா மா?" என்று மனைவி கேட்பாள்.

"கத்துக்குதுன்னு நெனைக்கிறேன் ஆன்ட்டி. அவர்கிட்டேர்ந்து கத்துக்குதா, வெறும் இரைச்சல்லேர்ந்து கத்துக்குதான்னு அன்னிக்குத்தான் தெரியும்."

'அன்றைக்கு' என்றால், அரசு ஆணையத்தின் அதிகாரி வந்து உட்காருகிற நாள். மூளையைப் படிக்கும் கருவிகளுக்கென்று அப்போதுதான் ஒரு சட்டம் வந்திருந்தது. பயிற்சிக்குக் குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் ஒருவர் மூளையிலிருந்து சொல்லை வெளியே எடுப்பதற்கு, சம்பந்தப்பட்டவரே சம்மதிக்க வேண்டும். ஆகவே கருவி கேட்கும் முதல் கேள்வியே 'இதை உங்களிடம் பயன்படுத்தட்டுமா?' என்பதாகத்தான் இருக்க வேண்டும். வேண்டாம் என்று பதில் வந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். சட்டம் விதித்த காலம் கழியும் வரை மறுபடி கேட்கக் கூடாது. இதை உறுதிசெய்யத்தான் அதிகாரி.

ஒல்லியான மனிதர், சிரித்த பழக்கமே இல்லாத முகம். முன்கூட்டியே வீட்டுக்கு வந்து, தொப்பியிலிருந்து கணினி வரை ஒவ்வொரு கம்பியையும் பார்த்தார். எதைக் கேட்டாலும் "அது கூடாது" என்றார். நாத்தனார் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்துவிட்டாள்.

மனைவி அவரைத் தனியாகக் கேட்டாள். "சார், அவரு மனசுல நெனைக்கிறதெல்லாம் இதுல வந்துடுமா?"

"வராதும்மா. வாய் திறந்து சொல்லணும்னு அவரே முயற்சி பண்ணாத்தான் வரும். சொல்லாம வெச்சிருக்கிறது அவரோடது. அதத் தொட யாருக்கும் உரிமை கிடையாது. உங்களுக்கும்தான்."

கடைசி வார்த்தை அவளுக்குச் சுருக்கென்றது.

அந்த நாளில் மருத்துவமனை அறை கல்யாண வீடு மாதிரி நிரம்பி வழிந்தது. டாக்டர்கள், நிறுவனத்து மேலாளர், அவருக்குப் பின்னால் கேமராக்காரர்கள், புதுச் சட்டை போட்டுக்கொண்டு நாத்தனாரின் கணவர். கிரேன்காரரின் முகத்துக்கு நேரே பளீரென்று விளக்கு. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை எப்போதும் போலத்தான் இருந்தது.

கருவி, யாருடையதும் அல்லாத ஒரு குரலில் கேட்டது. "நீங்கள் பேச முயல்வதை நான் சொற்களாக மாற்றட்டுமா?"

திரையில் கோடுகள் ஆடின. யாரோ இருமினார்கள். ஒன்றும் வரவில்லை. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக, நீருக்கடியிலிருந்து மேலே வருவது போல வந்தன.

வேண்டாம்.

அது இரைச்சலாகவும் இருக்கலாம் என்பதால், கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்க வேண்டும் என்பது விதி. அதிகாரி தலையசைத்தார். "இத்துடன் நிறுத்திக்கொள்ளட்டுமா?" என்று கருவி கேட்டது.

ஆமா.

"தொடரட்டுமா?"

வேண்டாம்.

பொறியாளர் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவிக்குப் புரிந்துவிட்டது. கேள்வி எந்தப் பக்கம் திரும்பினாலும் பதில் ஒரே இடத்தில் நின்றது. இரைச்சலுக்கு அப்படி நிற்கத் தெரியாது. உள்ளே ஆள் இருந்தார். நான்கு வருடமும், ஒவ்வொரு விடியலிலும், அந்தப் பாதி மூடிய கண்களுக்குப் பின்னால் அவர் முழுசாக இருந்திருக்கிறார்.

மேலாளருக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "சார், ஒரே ஒரு கேள்வி. ஏன் வேண்டாம்னு மட்டும் கேட்டுடலாம்."

"அணைங்க," என்றார் அதிகாரி.

மனைவி அவர் முன்னால் போய் நின்றாள். "சார், நாலு வருஷம் சார். ஒரு வார்த்தை. நான் வந்திருக்கேன்னு தெரியுதான்னு மட்டும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். "அம்மா, இந்த நாலு வருஷத்துல அவரு சொல்லி ஏதாவது ஒண்ணு நடந்திருக்கா? எப்ப சாப்பிடணும், எந்தப் பக்கம் படுக்கணும், எல்லாம் மத்தவங்க முடிவு. இன்னிக்குத்தான் ஒண்ணு சொல்லியிருக்காரு. இதையும் நாம மீறிட்டா, நாளைக்கு அவரு 'சரி'ன்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்?"

அவர் கைநீட்ட, பொறியாளர் பெண் விசையை அணைத்தாள். திரை கறுத்தது.

அடுத்த நாள் பேருந்து ஓட்டும்போது அவளுக்குக் கோபம் பொங்கிப் பொங்கி வந்தது. அதிகாரி மேல், மேலாளர் மேல், கடைசியில் கட்டிலில் கிடந்தவர் மேலேயே. இரண்டு நிறுத்தங்களைத் தாண்டிவிட்டாள். பயணிகள் கத்திய பிறகுதான் சுதாரித்தாள். வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரிடம் வெடித்தாள். "எங்கூடப் பேசவே பிடிக்கலைன்னா சொன்னாரு?"

"உன்ன எங்கடி சொன்னான்?" என்றாள் நாத்தனார். "அந்தக் கூட்டத்தப் பாத்தியா? என் வீட்டுக்காரரு புதுச் சட்ட போட்டுட்டு வந்து நிக்கிறாரு, வேடிக்க பாக்க. சின்ன வயசுல நாலு பேரு பாத்தா சோத்தையே தொடமாட்டான் எந்தம்பி. உசரத்துல தனியா உக்காந்துக்கலாம்னுதான் அந்த வேலைக்கே போனான்."

மனைவிக்குக் கோபம் வடிந்துவிட்டது. அது வடிந்த இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. பக்கத்து அறையில் ஒருவர் இருக்கிறார், இவர்கள் பேசுவது அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தெரிந்த ஆள்தான், தாலி கட்டிய ஆள்தான். ஆனாலும் அந்த அறைக்குள் எப்படி நுழைவது என்று அவளுக்குக் கை கால் ஓடவில்லை. நாத்தனாரோ போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்ப் பேச ஆரம்பித்திருந்தாள்.

மனைவி கதவைத் தட்டினாள். பதில் வராது என்று தெரியும். கொஞ்சம் பொறுத்து உள்ளே போனாள். "இடது பக்கம் திருப்பிப் படுக்க வைக்கப்போறேங்க," என்றாள். திருப்பினாள். "முகம் துடைக்கப்போறேன். தண்ணி கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்." அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டே செய்தாள். சொல்லச் சொல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒரு மரியாதை அந்த அறைக்குள் வந்தது. ஜன்னலைத் திறப்பதற்குக்கூட அவள் ஒரு கணம் தயங்கினாள்.

சட்டம் சொன்ன காலம் கழிந்ததும் அவளே அதிகாரிக்குப் போன் செய்தாள். "இந்தத் தடவ வீட்டுலயே வெச்சுக்கலாம் சார். கேமரா வேண்டாம், கூட்டம் வேண்டாம்."

"நான் இருந்தாகணும். அந்தப் பொண்ணும்."

"நீங்க இருங்க. ஆனா அவரப் பாக்காதீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது கூடும்," என்றார்.

அப்படியே செய்தார். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, திரையின் பிரதி தெரிகிற ஒரு சின்னப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, தண்டனை வாங்கிய பையன் மாதிரி உட்கார்ந்தார். பொறியாளர் பெண் அறைக்கு வெளியே தரையில் அமர்ந்தாள். நாத்தனார் வாசற்படியில், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

கேள்வி வந்தது. இந்த முறை பதில் சீக்கிரம் வந்தது.

ஆமா.

திருப்பிக் கேட்டார்கள். பதில் மாறவில்லை.

இரண்டாவது கேள்வி குரலைப் பற்றியது. துறைமுக வயர்லெஸ்ஸில் அவர் பேசிய பதிவுகள் கிடைத்திருந்தன. அதிலிருந்து அவர் குரலையே கருவி செய்துவைத்திருந்தது. குரலும் ஒரு மனிதனின் சொத்துதான், கேட்காமல் எடுக்கக் கூடாது என்பது விதி. "உங்கள் பழைய குரலில் பேசட்டுமா?"

ஆமா.

அவர் உதடு அசையவில்லை. தலைமாட்டுச் சின்னப் பெட்டியிலிருந்து, கொஞ்சம் கரகரத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, அவர் குரல் வந்தது.

"டிரைவரம்மா."

அவள் ஓட்டுநர் உரிமம் வாங்கிய நாளில் அவர் கேலியாக வைத்த பெயர் அது. வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எந்த வயர்லெஸ் பதிவிலும் அது இருக்க வழியில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரிய கடலுக்கு முன்னால் முதல் தடவை நிற்கிறவளைப் போல இருந்தது அவளுக்கு. ஒரு மனிதர், அவ்வளவு தூரத்திலிருந்து, நான்கு வருடம் நடந்து வந்து வாசலில் நிற்கிறார்.

"இருக்கேங்க," என்றாள். "இங்கதான் இருக்கேன்."

"அக்காகிட்ட சொல்லு. ரேடியோ வேண்டாம்."

நாத்தனார் ஓடிவந்து அதன் வயரையே பிடுங்கிவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு. "நாலு வருஷமாவாடா? பாட்டு பிடிக்கும்னுல்ல வெச்சேன்."

"பாட்டு பிடிக்கும். விளம்பரம்..." குரல் நின்றது, மறுபடி வந்தது. "மனப்பாடம்."

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அதிகாரியின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. களைத்துவிட்டாரோ என்று பொறியாளர் பெண் தலையை நீட்டினாள். அப்போது குரல் வந்தது.

"உன் வலது கால். இழுத்து நடக்கற. போன மழைக்காலத்துலேர்ந்து. ஏன்?"

பிரேக்கை மிதித்து மிதித்துக் குதிகாலில் வந்த வலி அது. டிப்போவில் தெரிந்தால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று ஒருவரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்தாள். கூடவே இருந்த நாத்தனார் கவனிக்கவில்லை, டாக்டர் கவனிக்கவில்லை. கண்ணைக்கூடத் திருப்ப முடியாத இந்த மனிதர், அவள் காலடி ஓசையை வைத்தே கண்டுபிடித்து, கேட்க வாயில்லாமல், அத்தனை மாதமும் அதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். அவரைத் தான் பார்த்துக்கொள்வதாக அல்லவா அவள் நினைத்திருந்தாள்.

"ஒண்ணுமில்லங்க, சும்மா வலி," என்றாள்.

"பொய்," என்றது பெட்டி.

அந்த வாரமே டாக்டரிடம் காலைக் காட்டப் போனாள். போகாவிட்டால் விடமாட்டார் போலிருந்தது, தொப்பியை மாட்டினாலே "போனியா?" என்றுதான் ஆரம்பித்தார். டிப்போவில் கொஞ்ச நாளைக்கு அலுவலக வேலை கொடுத்தார்கள்.

சில மாதங்கள் கழித்து, கருவி பல ஊர்களுக்குப் போகவிருந்த நேரத்தில், அந்த முதல் கேள்வியை எடுத்துவிட வேண்டும் என்று நிறுவனங்கள் ஆணையத்திடம் மனுக் கொடுத்தன. அவசரத்தில் வருகிற நோயாளிகளுக்கு அது தாமதம், குடும்பத்தின் சம்மதமே போதும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமே இல்லையென்று சொல்லிவிட முடியாது. பொது விசாரணை வைத்தார்கள். கிரேன்காரர் வீட்டிலிருந்தபடியே பேச அனுமதி கேட்டார், படம் வேண்டாம், குரல் மட்டும் என்றார். மனைவி கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு வேண்டாம்னு சொன்னேன்," என்றார் அவர், ஒவ்வொரு சொல்லாக. "நிறுத்தினாங்க. அதுக்கு முன்னாடி நான் இருக்கேனான்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு இருந்துச்சு. நிறுத்தினப்பதான் தெரிஞ்சுது. இருக்கேன்னு."

கேள்வி சட்டத்தில் அப்படியே நின்றது. அவசர நோயாளிகளுக்கு மட்டும் தனி விதி எழுதினார்கள்.

இப்போதெல்லாம் பிற்பகலில் அவர்கள் சண்டைகூடப் போடுகிறார்கள். அவருக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து இருக்கிறது, நாத்தனாரின் மருமகளுக்கு ஆதரவாகவும் பேசுகிறார். சில நாள் பேச்சு நடுவிலேயே "போதும்" என்பார். அவள் விசையை அணைத்து, தொப்பியைக் கழற்றி, நெற்றியில் கலைந்த முடியை ஒதுக்கிவிடுவாள். பிறகு இருவரும் சும்மா இருப்பார்கள். ஜன்னல் வழியே தெருச் சத்தம் வரும். அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. அவள் கேட்பதும் இல்லை.